பன்னிரண்டுக்கு எட்டு

செவ்வாய்க் கிரகத்தில், பெரிய கண்ணாடிக் கூரைகளுக்கு அடியில், செவ்வூர் என்று ஒரு குடியிருப்பு. அங்கே அன்று புதன்கிழமை, காலை ஏழு மணி. மூன்றாம் கூரைக்குக் கீழே நாற்சந்தியில் நின்ற பெரும்பலகை வழக்கம்போல ஒளிர்ந்தது. காபித் தானியங்கிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் வழக்கம்போல அண்ணாந்து படித்தார்கள்.

‘எங்கள் இல்லச் செல்வன் அகரன், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, அவர்களின் விந்தகத்தில் ஊமை இழைகள் முறைப்படி எழுந்திருப்பதை முன்னிட்டு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டாம் கூரைச் சமுதாயக் கூடத்தில் இழை நீராட்டு விழா நடைபெறும். சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்த வேண்டுகிறோம். தாய்மாமன் சீர்: நாற்பது லிட்டர் நல்ல தண்ணீர்.’

அறிவிப்புக்கு மேலே, தலையில் காகிதக் கிரீடமும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக அகரன் சிம்மாசனத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால், செவ்வாயில் எவரும் பார்த்திராத ஓர் அருவி. சுற்றிலும் வட்டவட்டமாகச் சித்தப்பாக்களின் தலைகள். அடியில் பச்சை நிறக் கோடுகளாக அவனுடைய இழைப் பட்டியல்.

“போன வாரத்துப் பையனுக்குக் கோடு இவ்வளவு உசரம் இல்லியே” என்றார் வரிசையில் ஒருவர்.

“தாய்மாமன் தண்ணி இலாகால்ல? அதான் நாப்பது லிட்டர்” என்றார் பின்னால் நின்றவர். காபி வந்தது. இருவரும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். உங்களிடமும் வரத்தான் போகிறேன்.

முதலில் ஊமை இழை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றைப் படியெடுத்துப் புரதம் செய்யச் சொல்லும் இழைகளை அறிவியல் வெகுகாலமாகக் கொண்டாடி வந்தது. ஆனால் படியெடுத்த பிறகும் புரதம் எதுவும் செய்யாமல் சும்மா திரியும் நீளமான இழைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. வாயில்லாத அந்த இழைகளைப் பழைய ஆராய்ச்சியாளர்கள் குப்பை என்று ஒதுக்கினார்கள். பேசாதவர்களைக் குப்பை என்று நினைப்பது பேசுகிறவர்களின் பழைய வழக்கம். பிறகுதான் தெரிந்தது, எந்த மரபணு எப்போது வாய் திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்பதில் இந்த ஊமைகளுக்குப் பெரிய பங்கு உண்டென்று. அவை உடம்பிலேயே அதிகமாக விழித்தெழும் இடம் விந்தகம். சில இழைகள் பிறந்தவுடன் எழும், சில பால்யத்தில் எழும். பெருங்கூட்டமாக எழுவது பருவம் தொடங்கி, விந்தணுவின் தாயணுக்கள் முதன்முதலாக, மரபணுத் தொகுப்பைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பில் இறங்கும்போது.

பூமியில் இதெல்லாம் தானாக நடந்தது. செவ்வாயில் நடக்கவில்லை. அங்கே பிறந்த முதல் தலைமுறைப் பையன்களுக்கு மீசை முளைத்தது, குரல் உடைந்தது, கல்யாணமும் ஆனது. பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. வழக்கம்போல மருமகள்களைத்தான் முதலில் சோதித்தார்கள். அதிலேயே மூன்று வருடம் போயிற்று. மருத்துவர் தில்லைநாயகிதான் துணிந்து பையன்களைச் சோதித்தவர். விண்கதிரின் தாக்கத்தில் இழைகள் எழும் வரிசை குலைந்துவிடுவதையும், நூற்றிப் பதினாலாம் இழை வராமல் நின்றுவிட்டால் பகுப்பு பாதியில் முடங்குவதையும் அவர் கண்டுபிடித்தார். அதிலிருந்து ஒவ்வொரு பையனுக்கும் எட்டு வயதில் இடுப்புத் தோலுக்கடியில் அரிசியளவுக்கு ஒரு பருவ வில்லை வைத்துவிடுவார்கள். இரத்தத்தில் கசியும் இழைகளை அது எண்ணிக்கொண்டே இருக்கும். நூற்றிப் பதினாலு தாமதமானால் முப்பது நாளுக்குள் அதையே செயற்கையாகச் செய்து ஊசியில் ஏற்றிவிடலாம். முப்பது நாள் தாண்டினால் ஒன்றும் செய்வதற்கில்லை.

செவ்வூரில் தொட்டில் ஆடுவது தில்லைநாயகியால்தான். எனவே அவர் எழுதிக் கொடுத்த பருவச் சட்டத்தை நிர்வாகக் குழு ஒரு கமாவைக்கூட மாற்றாமல் நிறைவேற்றியது. அதன் முதல் பிரிவு, பெண் குழந்தைகளின் பருவத்தைப் பற்றி எவரும் எங்கும் அறிவிக்கக் கூடாது என்றது. நான்காம் பிரிவு, ஒவ்வோர் ஆண் குழந்தையின் இழைப் பட்டியலும் படத்தோடு நாற்சந்தியில் வைக்கப்படவேண்டும் என்றது. முறைப்படி எழுந்தால் பச்சை, தாமதமானால் சிவப்பு. ‘பருவம் எய்துவது ஒளித்துவைக்கவேண்டிய செய்தி அல்ல, ஊரறியச் சொல்லவேண்டிய செய்தி’ என்று அதில் ஒரு வாக்கியம் உண்டு. அதைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். பெற்றோர்கள் வெட்கப்பட்டுப் பட்டியலை மறைத்ததால் இரண்டு பையன்களுக்குக் கெடு தாண்டிப்போனதென்றும், அதனால்தான் பலகை வந்ததென்றும் ஊர் நம்பியது. அதுவும் உண்மைதான். ஆனால் அதற்காகப் பெற்றோருக்கு ஓர் அபராதம் போட்டிருந்தால் போதும். பலகைக்கு அவசியமே இல்லை.

பலகையின் அளவையும் சட்டமே சொன்னது. அகலம் பன்னிரண்டு அடி, உயரம் எட்டு அடி. ஏன் இந்தக் கணக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, பூமியில், சிவகாசிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். தில்லைநாயகிக்குப் பன்னிரண்டு வயது. அவள் பெரியவளானதை அவளுக்கே சரியாகப் புரிவதற்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு மேலே பெரிய பேனர். கிரீடம், சிம்மாசனம், அருவி, வட்டவட்டமாகச் சித்தப்பாக்கள். அச்சகத்துக்காரர் அவசரத்தில் ஒன்றை அழிக்க மறந்துவிட்டார். அவள் படத்துக்குக் கீழே வலது மூலையில் வேலைக் குறிப்பு அப்படியே அச்சாகியிருந்தது: 12 × 8.

நிறுத்தத்துக்கு எதிர்வீட்டில் அவள் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். கதிரேசன். அவன் அப்பாவின் போனில் அந்தப் பேனரைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்டான். கீழே, ‘பன்னிரண்டுக்கு எட்டு வந்துவிட்டாள்’ என்று எழுதினான். பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் போனபோது அவளுக்குத் தில்லைநாயகி என்ற பெயர் போயிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவள் பன்னிரண்டுக்கு எட்டுதான். கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு கேட்டால் கடைசிப் பெஞ்சு இருமும். அவள் நன்றாகப் படித்து, மருத்துவரானாள், ஆராய்ச்சியாளரானாள். ஊரை விட்டுப் போனாள், நாட்டை விட்டுப் போனாள், கிரகத்தையே விட்டுப் போனாள். செவ்வாய்க்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் கப்பலில் வந்து இறங்கியவர்களின் கைகளைக் குலுக்கி வரவேற்றுக்கொண்டிருந்தபோது ஒருவர் சிரித்துக்கொண்டே, “நான் கதிரேசன்ங்க, சிவகாசிப் பக்கம். நீங்களும் அந்தப் பக்கமாமே?” என்றார்.

அன்று மனசுக்குள் எழுத ஆரம்பித்ததுதான் நான்காம் பிரிவு. கதிரேசனின் மகன் பூமியில் பிறந்தவன், அவனுக்கு வில்லை தேவைப்படவில்லை. பேரன் வழுதி செவ்வூரில் பிறந்த அன்று தில்லைநாயகி தம் கையாலேயே சர்க்கரை போட்டுக் காபி கலந்து குடித்தார். அவர் வழக்கமாகச் சர்க்கரை சேர்ப்பதில்லை.

அதற்கிடையில் இருநூறு பையன்களுக்குமேல் பலகை ஏறினார்கள். தில்லைநாயகி எதிர்பார்த்தது நடக்கவில்லை. முதல் இரண்டு குடும்பங்கள் தலைகுனிந்தன. மூன்றாவது குடும்பம் கிரீடம் வாங்கியது. அவமானமாக அவர் அனுப்பியதை ஆண்பிள்ளை வீட்டார் கௌரவமாக வாங்கிக்கொண்டார்கள். விழா வந்தது, மொய் வந்தது, தண்ணீரே கிடைக்காத கிரகத்தில் நீராட்டு வந்தது. பருவ நிலையத்தின் சன்னலருகே நின்று பார்த்துப் பல்லைக் கடித்துக்கொள்வார் அவர். ஆனாலும் கவலைப்படவில்லை. அவர் காத்திருந்தது ஒரே ஒரு பலகைக்காக.

வழுதிக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது அவன் பட்டியல் வந்தது. எல்லா இழைகளும் வரிசையாக எழுந்திருந்தன. நூற்றிப் பதினாலைத் தவிர.

தில்லைநாயகி அதை மூன்று முறை சரிபார்த்தார். மருத்துவராக அவர் ஒருநாளும் தப்பு செய்ததில்லை, இதிலும் செய்யவில்லை. ஊசி மருந்தைத் தயார் செய்யச் சொன்னார். அதன் பிறகு சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் செவ்வூரின் தலைவர் கதிரேசன் வந்தார். எப்போதும் கூட வரும் இரண்டு பேர் இல்லாமல் தனியாக வந்தார்.

“டாக்டரம்மா, காபி சாப்பிட்டாச்சா?”

“பேரன் விஷயமாத்தானே வந்தீங்க, தலைவரே. உக்காருங்க.”

“நூத்திப்பதினாலு வரலைன்னு சொன்னாங்க.”

“வரல. நாளைக்கு முதல் ஊசி. வாரத்துக்கு ஒண்ணு, மொத்தம் நாலு. வந்துரும், பயப்பட ஒண்ணுமில்ல.”

“உங்க கைராசி மேல நம்பிக்கை இருக்கு. அதுக்கு வரல நான்.” கதிரேசன் குரலைத் தாழ்த்தினார். “போர்டுல மட்டும் இப்ப வேண்டாம். நாலு வாரம் போகட்டும். எல்லாம் சரியானதும் பச்சையில போட்டுக்கலாம்.”

“தாமதம்னா சிவப்புல போடணும். சட்டத்துல உங்க கையெழுத்தும் இருக்கு.”

“சின்னப்பய, டாக்டரம்மா. யார் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்னு ரூமுக்குள்ளயே கெடக்கான்.”

ஐம்பத்தெட்டு வருடமாக இந்த வாக்கியத்துக்குத்தான் தில்லைநாயகி காத்திருந்தார். அது வந்தபோது அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“பன்னெண்டு வயசுல ஒரு பொண்ணும் அப்படித்தான் ரூமுக்குள்ள கெடந்தா. பஸ் ஸ்டாப்புல அவ படம். உங்க வீட்டுக்கு நேர் எதிரே. பன்னெண்டுக்கு எட்டு. ஞாபகம் வருதா?”

கதிரேசன் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். “எந்தப் போர்டு?”

“போட்டோ எடுத்து க்ளாஸ் குரூப்புல போட்டீங்க. ஆறு வருஷம் எனக்கு அதுதான் பேரு.”

“நானா?” அவர் சங்கடமாகச் சிரித்தார். “சத்தியமா ஞாபகம் இல்லைங்க. சின்ன வயசு, விளையாட்டுக்கு ஏதாவது பண்ணியிருப்பேன். அதையெல்லாமா இன்னும் மனசுல வெச்சிருக்கீங்க?”

இல்லவே இல்லை என்று சாதித்திருந்தால்கூடத் தில்லைநாயகி தாங்கியிருப்பார். மறந்துவிட்டாராம். கல் எறிந்தவன் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான், காயத்தை மட்டும் அவர் இன்னொரு கிரகம்வரை சுமந்து வந்திருக்கிறார். அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அந்த நிமிடத்தில் போய்விட்டது.

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரும், தலைவரே. சிவப்புலதான்.”

வந்தது. கிரீடம் இல்லை, அருவி இல்லை. பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம். கீழே ‘வழுதி, எட்டாம் வகுப்பு அ பிரிவு. நூற்றிப் பதினாலாம் இழை: தாமதம்’ என்று சிவப்பில். காபி வரிசை அன்று வெகுநேரம் கலையவில்லை. தில்லைநாயகி தாமும் போய் வரிசையில் நின்றார். இரண்டு காபி குடித்தார்.

அன்று மாலை வழுதி முதல் ஊசிக்கு வந்தான். ஒல்லியான பையன். நடக்கும்போது சுவரையே பார்த்தான்.

“வலிக்குமா டாக்டர்?”

“எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். ஸ்கூலுக்குப் போனியா?”

“காலைல போகல. மத்தியானம் அம்மா பிடிச்சுக் கொண்டுபோய் விட்டாங்க.” சட்டைக் கையை மேலே சுருட்டினான். பிறகு, “எனக்குப் பேரு வெச்சுட்டாங்க” என்றான்.

“என்ன பேரு?”

“நூத்திப்பதினாலு. காலைல சார் அட்டெண்டன்ஸ் எடுத்திருக்காரு. என் பேரைக் கூப்பிட்டதும் நறுமுகைன்னு ஒருத்தி எந்திரிச்சு, ‘நூத்திப்பதினாலு இன்னும் வரல சார்’னு சொல்லிருக்கா. சாரே சிரிச்சுட்டாராம்.”

தில்லைநாயகியின் கை ஊசியோடு நின்றது. கடைசிப் பெஞ்சின் இருமல் அவர் காதில் கேட்டது.

“எப்ப டாக்டர் மறப்பாங்க?”

சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நல்ல மருத்துவர்கள் சொல்லும் பொய்தான் அது. அவர் அன்று பகல் முழுவதும் வெற்றி மயக்கத்தில் இருந்தார். மயக்கத்தில் இருப்பவர்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

“அவங்க மறந்துருவாங்க. நமக்குத்தான் மறக்காது. எனக்கும் ஒருத்தன் இப்படிப் பேரு வெச்சான். அம்பத்தெட்டு வருஷமாச்சு.”

வழுதி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். “அவனை என்ன டாக்டர் பண்ணீங்க?”

“காத்திருந்தேன்” என்றார் தில்லைநாயகி. ஊசியைப் போட்டார். பையன் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தான். பிறகு மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

கதிரேசன் சும்மா தலைவராகிவிடவில்லை. விழுந்த இடத்தையே மேடையாக்கத் தெரிந்தவர். இரண்டாம் நாளே பலகையின் எதிரே ஒரு பந்தலைப் போட்டார். வழுதிக்கு இழை எழவேண்டி ஊரே நோன்பு இருக்கும் என்று அறிவித்தார். தினமும் சுண்டல், சனிக்கிழமை பாட்டு. சிவப்பு எழுத்தைப் பார்த்துச் சிரித்தவர்களே அதன் முன்னால் விளக்கு ஏற்றினார்கள். இருபத்தாறாம் நாள் நூற்றிப் பதினாலு எழுந்தது. கூரைக்குக் கூரை வாணவேடிக்கையை ஒளியில் காட்டினார்கள். ‘தாமதமாய் வந்த தங்கமே’ என்று மூன்று பலகைகள். தாய்மாமன் சீர் இருநூறு லிட்டர். நேரத்துக்கு இழை எழுந்த பையன்களின் வீட்டில் பொறாமை பற்றிக்கொண்டது. ஒரு தாய் பருவ நிலையத்துக்கே வந்து, “எங்க பையனுக்கும் ஒரு ரெண்டு வாரம் தாமதம்னு போட முடியுமா டாக்டர்?” என்று கேட்டாள். தில்லைநாயகி கதவைக் காட்டினார்.

விழாவுக்கு அவர் போகாமல் இருக்க முடியவில்லை. முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். கதிரேசன் பேசினார்.

“இந்தம்மா எங்க ஊரு. ஒரே ஸ்கூலு, ஒரே க்ளாஸு. இவங்க மட்டும் இல்லைன்னா என் வம்சமே இல்ல.” மேடையிலிருந்து இறங்கிவந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கூடம் கைதட்டியது.

தில்லைநாயகி அந்தப் பொன்னாடைக்குள் வெந்தார். எவனைக் கூனிக் குறுக வைக்க ஒரு சட்டமே எழுதினாரோ அவன் இப்படிப் பூரித்து நிற்கிறான். அவர் பார்வை மேடைக்குப் போனது. சிம்மாசனத்தில் வழுதி. கிரீடம் அவனுக்குப் பெரிதாக இருந்ததால் காதில் இறங்கியிருந்தது. ஒருத்தி சந்தனம் பூசினாள், ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள், பின்வரிசையில் வகுப்புப் பிள்ளைகள் நூற்றிப் பதினாலு என்று அடங்கிய குரலில் கூப்பிட்டார்கள். பையன் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெருவிரலைத் தில்லைநாயகிக்குத் தெரியும். அவரும் பன்னிரண்டு வயதில், தம் சடங்கு நாள் முழுவதும் அதைத்தான் பார்த்திருந்தார்.

அவர் எய்த அம்பு ஒன்றுகூடக் கதிரேசன் மேல் படவில்லை. இருநூறு பிள்ளைகள் மேல் பட்டிருந்தது. பட்ட இடத்தையெல்லாம் பெரியவர்கள் சந்தனம் பூசி மூடியிருந்தார்கள்.

அன்று அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலை பருவ நிலையத்துக்கு வந்ததும் முதல் வேலையாக, சட்டத்தைத் திருத்தத் தமக்கிருந்த அதிகாரத்தில், நான்காம் பிரிவு இன்றோடு நீக்கப்படுகிறது, பலகை அகற்றப்படும் என்று ஓர் ஆணையை எழுதினார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது வெளியே ஆள் சத்தம் கேட்டது.

செவ்வூர் மகளிர் மன்றம் வந்திருந்தது. தலைவி தன்ஷிகா முன்னால் நின்றாள். நாற்பது வயது, நீர்க் குழாய்ப் பிரிவில் பொறியாளர், எதையும் பாதியில் விடாதவள். பின்னால் முப்பது பெண்கள். பக்கத்தில் பன்னிரண்டு வயதில் ஒரு துறுதுறுப்பான பெண்.

“டாக்டர், இந்த மனுவுல ஆயிரத்து நூறு கையெழுத்து இருக்கு. முதல் பிரிவை எடுக்கணும்.”

“முதல் பிரிவா?” தில்லைநாயகிக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. “பெண் குழந்தைங்களைப் போர்டுல ஏத்தக் கூடாதுங்கிறதையா?”

“ஆமா. பதினாறு வருஷமா பசங்களுக்கு மட்டும் போர்டு, பசங்களுக்கு மட்டும் சீரு. நேத்து அந்தப் பையனுக்கு இருநூறு லிட்டர். எங்க பொண்ணுங்க என்ன பாவம் பண்ணாங்க? இது ஓரவஞ்சனை இல்லியா?”

“தன்ஷிகா, நான் சொல்றதைக் கேளு. அது கௌரவம் இல்லம்மா. நான் அந்தப் பசங்களோட போர்டையே எடுக்கப் போறேன். இதோ, எழுதிட்டேன்.”

தன்ஷிகா அந்த ஆணையை வாங்கிப் படித்தாள். அவள் முகம் இறுகியது.

“பொண்ணுங்க கேட்டு வர்ற அன்னைக்கு இல்லாமப் போகணுமாக்கும்? சரி, எடுங்க. ஆனா காரணம் எழுதலியே. இத்தனை பசங்க ஏறியிருக்காங்க. அது அசிங்கம், தெரிஞ்சேதான் வெச்சேன்னு எழுதிக் குடுங்க. நாங்க போயிடுறோம்.”

தில்லைநாயகி வாயைத் திறந்தார். தெரிந்தேதான் வைத்தேன். அதைச் சொன்னால் போதும். சொன்னால், செவ்வூரின் தாய் என்று தெருவில் கும்பிடுகிறவர்களுக்கெல்லாம், ஒரு போட்டோவுக்காகப் பச்சைப்பிள்ளைகளைப் பழிவாங்கியவள் என்று தெரிந்துபோகும். அவர் வாயை மூடிக்கொண்டார். இழைகளைப் பற்றி அத்தனை ஆராய்ந்தவருக்குத் தாமே ஊமையாக நிற்பது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது.

“நீங்களே எழுதினதுதான் டாக்டர்” என்று தன்ஷிகா இறங்கிவந்த குரலில் சொன்னாள். மனப்பாடமாகச் சொன்னாள். “‘பருவம் எய்துவது ஒளித்துவைக்கவேண்டிய செய்தி அல்ல, ஊரறியச் சொல்லவேண்டிய செய்தி.’ ஸ்கூல் சுவத்துல தினம் பாத்து வளந்ததுங்க எங்க பிள்ளைங்க. தலைவர்கூட முதல் கையெழுத்துப் போட்டிருக்காரு. பெண்ணுரிமைன்னா நான் முன்னால நிப்பேன்னாரு.”

மனுவின் முதல் தாளில் கதிரேசனின் கையெழுத்து பெரிதாக இருந்தது.

தில்லைநாயகி அந்தச் சிறுமியைப் பார்த்தார். “உனக்கு இதுல இஷ்டமாம்மா?”

“கிரீடம் வெச்சுக்கலாம்ல?” என்றாள் சிறுமி.

“என் பொண்ணுதான் டாக்டர், நறுமுகை. கிரீடம் வாங்கி வெச்சாச்சு” என்றாள் தன்ஷிகா. “ஒண்ணு மட்டும் சொல்லிடுறோம். பொண்ணுங்கதானேன்னு போர்டு அளவைக் குறைக்கக் கூடாது. பசங்களுக்கு என்னவோ அதேதான். பன்னெண்டுக்கு எட்டு. ஒரு அடி குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டோம்.”

கையிலிருந்த பேனாவால் தில்லைநாயகி தம் ஆணையில் அல்ல, மன்றத்தின் மனுவில் கையெழுத்துப் போட்டார். பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி அழுதாள்.

பதினோரு வாரம் கழித்து முதல் பெண் பலகை ஏறினாள். தில்லைநாயகி ஏழு மணிக்கு நாற்சந்திக்குப் போனார். கிரீடம், சிம்மாசனம், அருவி, வட்டவட்டமாகச் சித்தப்பாக்கள். நடுவில் நறுமுகை வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள். காபி வரிசையில் நின்றவர்கள், தாய்மாமன் சீர் எத்தனை லிட்டர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்காகப் புதிதாக வரைந்த பலகை அது. வரைந்தவர் அவசரத்தில் ஒன்றை அழிக்க மறந்திருந்தார். படத்துக்குக் கீழே வலது மூலையில், பொடி எண்களில்: 12 × 8.

பலகைக்கு நேர் கீழே வழுதி நின்றிருந்தான். முதுகில் பள்ளிப் பை, கையில் போன். அந்த மூலையைப் பெரிதாக்கி, கை நடுங்காமல் ஒரு படம் எடுத்தான். பிறகு வகுப்புக் குழுவைத் திறந்தான்.

“வழுதி, ஸ்கூலுக்கு நேரமாகலியா? இங்க என்னப்பா பண்ற?”

பையன் திரும்பினான். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“காத்திருந்தேன் டாக்டர்” என்றான்.